நாங்கூழ்ப் புழுவுக்கு ஓர் அரங்கம் வேண்டும்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டரை மாதமாக, மாலை நாலரை மணிக்கு வகுப்பு முடிந்ததும், ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, சுந்தரம் பிள்ளையின் செய்யுள் நாடகமான மனோன்மணீயத்தில் இரண்டு பகுதிகளை ஒத்திகை பார்த்து வருகிறேன். இயக்குவது நான். இதற்கு முன் நான் எதையும் இயக்கியதில்லை. இந்த இரண்டரை மாதத்தில் அந்த நாடகத்தைப் பற்றி எனக்குத் தெரியவந்தவை, அதைப் பாடமாகப் படித்த காலத்தில் ஒருநாளும் தெரியவரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

முதலில் நடராஜனைப் பற்றிச் சொல்கிறேன்.

இளங்கலையில் எங்களுக்கு நடராஜனின் தனிமொழி பாடமாக இருந்தது. ஊருக்கு வெளியே தனியாக நடந்து போகிறான். வாய்க்காலைப் பார்க்கிறான், ஒரு சிறு புல்லைப் பார்க்கிறான், மண்ணில் நெளியும் நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவைப் பார்த்துப் பேசுகிறான். 'நடராஜன் கண்ட இயற்கைக் காட்சிகளை விவரிக்க' என்பது கேள்வி. மூன்று உட்தலைப்புப் போட்டு, நடுவில் இரண்டு மேற்கோள் வைத்து, நான் நன்றாகவே எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

ஒத்திகையின் இரண்டாம் நாள், நடராஜனாக நடிக்கும் தம்பி (இளங்கலை இரண்டாம் ஆண்டு, வேதியியல்) ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, இவன் இப்ப எங்க போயிட்டிருக்கான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கேட்டதில் தப்பே இல்லை. மேடையில் ஒருவன் நடந்து வர வேண்டுமென்றால் எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான், வேகமாகப் போகிறானா, யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் உண்டா என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் அடியைக்கூட எடுத்து வைக்க முடியாது. அன்று ஒத்திகையை அத்தோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய், நாலாயிரம் வரிகளுக்கு மேல் இருக்கும் அந்த நாடகத்தை முதல் முறையாக முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அதுவரை நான் படித்திருந்தது பாடப்பகுதியும் கதைச்சுருக்கமும்தான்.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஓர் இழையை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டு நெல்லையில் ஒரு கோட்டை கட்டிக் குடியேறுகிறான். எல்லாம் அமைச்சன் குடிலன் பேச்சைக் கேட்டு. குலகுரு சுந்தர முனிவருக்கு வரப்போகும் ஆபத்து முன்பே தெரிகிறது. சொன்னால் அரசன் கேட்கமாட்டான். அதனால் அரண்மனையில் தனக்கென ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் ஆசிரமத்திலிருந்து அந்த அறை வரைக்கும் யாருக்கும் தெரியாமல் ஒரு சுரங்க வழி அமைக்கிறார். அந்த வேலையை முன்னின்று செய்பவன் நடராஜன். லிட்டன் ஆங்கிலத்தில் எழுதிய மூலக்கதையின் பெயரே 'இரகசிய வழி' என்னும் பொருள் தருவதுதான். சுந்தரம் பிள்ளை கதையின் முதுகெலும்பாக வைத்துக்கொண்டது அந்தச் சுரங்கத்தைத்தான்.

இப்போது அந்தத் தனிமொழியைத் திரும்பப் பாருங்கள். மண்ணுக்கு அடியில் இரகசியமாகத் தோண்டிக்கொண்டிருப்பவன் ஒருவன், மண்ணுக்கு அடியில் தோண்டும் ஒரு புழுவின் முன்னால் நிற்கிறான்.

"ஓகோ! நாங்கூழ்ப் புழுவே!" என்று கூப்பிடுகிறான். "உன்பாடு ஓவாப் பாடே" என்கிறான் (ஓவா என்றால் ஓயாத). "உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ" என்கிறான். எந்த மண்ணையும் நல்ல மண்ணாக்குகிறாய், அதை வெளியே கொண்டுவந்தும் புகழ் வேண்டாதவர் போல உன் குழியின் வாயிலை மண்ணுருண்டையால் மறைத்துக்கொள்கிறாய் என்று வியக்கிறான். இவனும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான். செய்த வேலையின் வாயிலை மூடி வைத்திருக்கிறான். யாரிடமும் சொல்ல முடியாது. வாணியை நேசிக்கிறான், அவளுக்கோ அமைச்சனின் மகன் பலதேவனோடு திருமணம் பேசுகிறார்கள். அதைத் தடுக்கவும் இவனிடம் வழியில்லை. பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், தன்னைப் போன்ற ஒரு சக தொழிலாளியை அவன் தரையில் கண்டுபிடிக்கிறான்.

மூன்று வருடம் 'இயற்கை வருணனை' என்று நான் எழுதிக்கொண்டிருந்த பகுதி இதுதான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வகுப்பில் உட்கார்ந்து படிக்கும்போது அது வருணனையாகத்தான் தெரிகிறது. ஓர் உடம்பு எழுந்து நின்று, எங்கே போகிறேன் என்று கேட்ட பிறகுதான் அந்த வருணனைக்குள் ஓர் ஆள் இருப்பது எனக்குத் தெரிந்தது.

அந்தத் தம்பி 'உன்பாடு' என்ற சொல்லை முதலில் பாட்டு என்பதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பீடி சுற்றுகிறார். ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்கம்மா தினமும் சொல்லும்க்கா, எம்பாடு பெரும்பாடுன்னு" என்றான். சொல்லிவிட்டு அவனே நிறுத்திவிட்டான். 1891-ல் அச்சான செய்யுளில் இருக்கும் 'பாடு' அவன் வீட்டுத் திண்ணையில் கேட்கும் அதே 'பாடு'தான். அதற்குப் பிறகு அந்த வரியை அவனுக்கு நான் விளக்கவே இல்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

'நாங்கூழ்' என்ற சொல்லும் அப்படித்தான். மலையாளத்தில் இன்றைக்கும் மண்புழுவை ஞாஞ்ஞூல் என்கிறார்கள். ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை அகராதியைப் புரட்டி எடுத்த சொல்லாக அது எனக்குத் தோன்றவில்லை, காதில் விழுந்துகொண்டே இருந்த சொல்லாகத் தோன்றுகிறது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். மண்புழு நிலத்தைப் பண்படுத்துவதைப் பற்றிச் சார்லஸ் டார்வின் எழுதிய நூல் 1881-ல் வெளிவந்தது. அடுத்த பத்து ஆண்டில் தமிழ் நாடகம் ஒன்றில் ஒருவன் மண்புழுவை வேந்தே என்று அழைக்கிறான். இதைச் சொன்னதும் எங்கள் குழுவின் வேதியியல் மாணவனுக்கும் விலங்கியல் மாணவிக்கும் வந்த ஆர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மைதானத்து ஓரத்தில் புழு தள்ளிவிட்ட சிறுசிறு மண்ணுருண்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள் அந்தப் பெண். நடராஜன் பார்க்க வேண்டிய இடம் தரையில் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் பிடிபட்டது. அதுவரை அவன் தூரத்தில், பார்வையாளர்கள் தலைக்கு மேல் எங்கோ பார்த்து முழங்கிக்கொண்டிருந்தான். இப்போது முட்டி போட்டுக் குனிகிறான். குரல் தானாகத் தணிந்துவிட்டது.

அடுத்தது உச்சரிப்பு. இதை நீங்கள்தான் சரிசெய்ய முடியும் என்று நினைக்கிறேன். அச்சில் செய்யுள் சீர் பிரித்து நிற்கிறது. 'எம்மண் ணாயினும் நன்மண் ணாக்குவை.' இதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவன் 'எம்மண்' என்று நிறுத்தி, 'ணாயினும்' என்று தொடங்குகிறான். 'உழுவோர்க்' என்று ஒரு வெட்டு, 'கெல்லாம்' என்று ஒரு தொடக்கம். கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஏன், பேசுகிறவனுக்கே புரியாது. முதல் வாரம் முழுக்க இதிலேயே போனது. அப்புறம் ஒரு வழி கண்டோம். சொல் பிரித்து ஒரு படி கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். எந்த மண் ஆயினும், நல்ல மண் ஆக்குவாய் என்று முதலில் உரைநடையாகப் பேசிப் பார்த்தோம். பொருள் நாக்கில் உட்கார்ந்த பிறகு செய்யுளுக்குத் திரும்பினோம். திரும்பியபோது, யாப்பு எங்களைத் தடுக்கவில்லை, தாங்கியது. 'உழுவோர்க்' என்பதில் இருக்கும் 'ழு' மூன்றாம் சீரில் 'விழுமிய' என்று திரும்ப வருகிறது. அந்த இடத்தில் குரல் தானாக ஏறுகிறது. 'விழுமிய வேந்துநீ' என்னும் மோனையில் இறங்கி நிற்கிறது. பொழிப்பு எதுகை என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். நடிகன் எங்கே மூச்சு வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்று ஆசிரியர் எழுதி வைத்த குறிப்பு அது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் எடுத்துக்கொண்ட இன்னொரு பகுதி ஜீவகனும் குடிலனும் ஆலோசனை செய்யும் இடம். மகள் மனோன்மணியைச் சேரன் புருடோத்தமனுக்குக் கொடுப்பது பற்றி அரசன் யோசிக்கிறான். குடிலன் அந்தப் பேச்சுக்குள் நாஞ்சில் நாட்டு உரிமையை நுழைத்துத் திருமணத் தூதைப் போருக்கான தூதாக மாற்றிவிடுகிறான். இங்கே ஓர் அகவல் அடியை இரண்டு பேர் பங்கிட்டுப் பேசும் இடங்கள் வரும். அரசன் அடியைப் பாதியில் விடுவான், மீதியைக் குடிலன் முடிப்பான். அச்சில் அது வெறும் இடைவெளி. ஒத்திகையில்தான் அது என்ன என்று தெரிந்தது. குடிலனாக நடிக்கும் மாணவி ஒரு கணம் தாமதித்தாலும் அடி உடைந்துவிடுகிறது. தாமதிக்காமல் எடுத்தால், அரசன் முடிக்க வேண்டிய வாக்கியத்தை அமைச்சன் முடிக்கிறான் என்பது கேட்பவர் காதிலேயே விழுந்துவிடுகிறது. இந்த நாட்டை ஆள்வது யார் என்று சொல்ல வேறு வசனமே வேண்டாம். யாப்பே சொல்லிவிடுகிறது. குடிலனின் பாத்திரப் படைப்பைப் பற்றி நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் இது இல்லை.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரித்திர நாடகம் என்றதுமே நண்பர்கள் வாடகைக்கு அட்டைக் கிரீடமும் சரிகை அங்கியும் எடுக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். ஜீவகன் கல்வெட்டில் இருக்கும் பாண்டியன் இல்லை, சுந்தரம் பிள்ளை படைத்த பாண்டியன். அவன் காலம் அவன் பேசும் மொழியில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் வெள்ளை வேட்டி, அரசனுக்கு மட்டும் ஒரு பட்டுத் துண்டு. போதுமானதாக இருக்கிறது.

இனி, இடத்தைப் பற்றி. எங்களுக்கு ஒத்திகை பார்க்க இடமில்லை. கலையரங்கம் கேட்டு இரண்டு முறை விண்ணப்பம் எழுதினேன். கலை விழா நாளில் எட்டு நிமிடம் தரலாம், அதற்கு முன் சாவி தர முடியாது என்றார்கள். பாடத்தில் இருக்கும் நாடகம் சார், பயிற்சிக்குத்தான் கேட்கிறோம் என்றேன். பாடத்தில் இருந்தால் வகுப்பில் படியுங்கள், நாடகம் போடுவதென்றால் அது கல்சுரல்ஸ் என்று பதில் வந்தது. சொன்னவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருக்கும் விதி அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. இலக்கியம் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம். அந்த விதியை மாற்றும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இப்போது நாங்கள் வாகன நிறுத்தக் கொட்டகைக்குப் பின்னால் வாகை மரத்தடியில் பயிற்சி செய்கிறோம். ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் இருக்காது. மாணவிகள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரமும் அதுதான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அது பெரிய நாள்.

'மனோன்மணீயம் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம், நடிக்க முடியாது' என்று ஆசிரியர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மதிப்போடு மறுக்கிறேன். முழு நாடகத்தையும் ஒரே இரவில் போட முடியாது என்பது உண்மை. ஐந்து அங்கம், இருபது களம். சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நடிக்கவே முடியாத ஒன்றைப் படமாக எடுத்திருக்க முடியாது. 1942-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் பி.யு.சின்னப்பாவையும் டி.ஆர்.ராஜகுமாரியையும் வைத்து இதே கதையைத் திரைக்குக் கொண்டுவந்தது. மனோன்மணீயம் அச்சான அதே 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடையேறலாம் என்ற நிலைமையைத் தமிழ்நாட்டில் உண்டாக்கியவர் அவர். அந்தப் பக்கம் மேடை வளர்ந்தது, இந்தப் பக்கம் சுந்தரம் பிள்ளையின் அகவல் பாடநூலுக்குள் போய்விட்டது. அவரும் 1897-ல், 42 வயதில் மறைந்துவிட்டார். இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால், தன் நாடகத்தை ஒரு சபை ஒத்திகை பார்ப்பதை அவர் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

நம் கல்லூரிகளில் எந்த விழா தொடங்கினாலும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். 'நீராருங் கடலுடுத்த' பாடுகிறோம். 1970 முதல் அரசு விழாக்களில் ஒலிக்கிறது, 2021-ல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, 55 விநாடியில் பாட வேண்டும் என்று அரசாணையும் இருக்கிறது. அது ஒரு நாடகத்தின் பாயிரம். பாயிரம் என்றால் அதைத் தொடர்ந்து ஏதோ வரப்போகிறது என்று பொருள். நாம் பாயிரத்தைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இத்தனை ஆண்டாகத் திரை எழவில்லை. சுந்தரம் பிள்ளையின் கதை நடக்கும் இதே நெல்லையில், 1990 முதல் அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து எழுதுவதால் எனக்கு இது இன்னும் உறைக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். நாடக இலக்கியம் எந்தத் தாளில் வந்தாலும், அதன் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கு நிகழ்த்துதலுக்கு என்று எழுதி வையுங்கள். பத்து மதிப்பெண்ணாவது இருக்கட்டும். முழு நாடகம் வேண்டாம், ஒரு களம் போதும், ஒரு தனிமொழிகூடப் போதும். நடிக்கக் கூச்சப்படுகிற மாணவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல் பிரித்து ஒத்திகைப் படி தயாரிக்கட்டும், அரங்கக் குறிப்பு எழுதட்டும், பக்கத்தில் நின்று வரி எடுத்துக் கொடுக்கட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பாடத்திட்டத்தில் 'ஒத்திகை' என்ற ஒரே ஒரு சொல் அச்சாகிவிட்டால் போதும், கலையரங்கச் சாவியைக் கேட்க எங்களுக்கு ஓர் உரிமை வந்துவிடும். இன்றைக்கு எங்களிடம் அந்த ஒரு சொல்தான் இல்லை.

கற்பிக்க ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். நாடகத்துக்கென்று தனித்துறை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. 1977-ல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறையை நவீன நாடகத்தின் வரலாற்றில் நாங்கள் படிக்கிறோம். ஒரு பட்டறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே சாட்சி. அங்கெல்லாம் பயின்றவர்களில் ஒருவரைப் பருவத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் அழைத்தாலே எங்களுக்குப் பெரிய விஷயம். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்புத் தப்பாகச் செய்து, செய்ததைத் திருத்தித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'நடராஜன் கண்ட இயற்கைக் காட்சிகளை விவரிக்க' என்ற கேள்வியோடு, 'இந்தத் தனிமொழியைப் பேசும்போது நடராஜன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான்?' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி அது.

இப்போது தனிமொழிக்கு ஆறு நிமிடம் ஆகிறது. குடிலன் காட்சி பதினொரு நிமிடம். அதில் இன்னும் இரண்டு இடத்தில் அடி உடைகிறது, சரிசெய்து கொண்டிருக்கிறோம். உங்களில் யாராவது இந்தப் பக்கம் வர நேர்ந்தால், தெரியப்படுத்துங்கள். வேலைநாள் எதுவானாலும் நாலே முக்காலுக்கெல்லாம் மரத்தடியில் இருப்போம். நாற்காலி இரண்டு எடுத்துப் போட்டுவிடுகிறோம். முன்வரிசையில், தரை தெரிகிற மாதிரி உட்காருங்கள். அவன் குனிகிற இடம் அப்போதுதான் தெரியும்.

அன்போடும் மதிப்போடும்,
முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி,
திருநெல்வேலி